நானே வாசித்துப் பார்த்தேன்

எங்கள் சித்தப்பாவுக்கு மயில் வரையத் தெரியும். தேதியை நினைவில் வைத்துக்கொள்ளத் தெரியாது. வில்லாபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் அவருடைய தொழிற்கூடம். கல்யாணம், காதணி விழா, சடங்கு என்று எந்த விசேஷமானாலும் பத்திரிகையைக் கையாலேயே வரைந்து, எழுத்தும் எழுதி, டவுனில் ஒரு பிரஸ்ஸில் கொடுத்து அச்சடித்துத் தருவார். ஒரு வீட்டுக்குப் போட்ட படத்தை இன்னொரு வீட்டுக்குப் போடமாட்டார் என்பதால் வெளியூரிலிருந்தும் தேடி வந்தார்கள். வந்தவர்கள் சொன்ன விவரங்களை சிகரெட் அட்டையிலும் உள்ளங்கையிலும் குறித்துக்கொள்வார். உள்ளங்கையில் குறித்தது மத்தியானச் சாப்பாட்டோடு போய்விடும். ஒருமுறை ஒரு வீட்டில் சடங்கு முடிந்த மூன்றாம் நாள் பத்திரிகைக் கட்டோடு போய் நின்று, மிச்சமிருந்த அதிரசத்தையும் தின்றுவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகுதான் அம்மா நிர்வாகத்தைக் கையில் எடுத்தாள். ஆர்டர் எழுத ஒரு தாள், அவற்றைக் குத்தி வைக்க சுவரில் ஒரு கம்பி, வரைந்த மாதிரிகளைச் சேர்த்து வைக்க ஒரு ஃபைல். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு ரப்பர் ஸ்டாம்ப். சித்தப்பா வரைந்த மாதிரித் தாளின் அடியில் அதைக் குத்தினால், 'மேற்கண்ட பெயர்களை நானே வாசித்துப் பார்த்தேன். எல்லாம் சரி' என்று ஊதா மையில் விழும். அதன் கீழ் ஆர்டர் கொடுத்தவர் கையெழுத்துப் போடவேண்டும். கையெழுத்து விழாத தாள் வாசல் தாண்டாது. பெரியப்பா பெயர் விட்டுப்போச்சு, இனிஷியல் தப்பு என்று யாராவது சண்டைக்கு வந்தால் அம்மா சத்தம் போடமாட்டாள். அந்தத் தாளை எடுத்து நீட்டுவாள், வந்தவர் அடங்கிவிடுவார்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. ஸ்டாம்ப் குத்தும் உரிமை எனக்குக் கிடைத்திருந்தது. அந்த வயதில் எனக்கு இருந்த மிடுக்கு தாலுகா ஆபீஸில்கூட யாருக்கும் இருந்திருக்காது.

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் தன் மகளின் காதுகுத்துக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, பேச்சில் பெரிய மரியாதை. மாதிரியைப் பார்க்க அவர் வந்த அன்று அம்மா மண்ணெண்ணெய் வாங்க ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். சித்தப்பா பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தார். நானே தாளை எடுத்து விரித்து, ஸ்டாம்ப்பைக் குத்தி, பேனாவையும் கொடுத்தேன்.

அவர் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு சட்டைப் பையைத் தடவினார்.

"கண்ணாடிய மறந்து வச்சிட்டு வந்துட்டேன் பாப்பா. நீ ஒருக்கா வாசியேன், கேட்டுக்கிறேன்."

நான் ஸ்டாம்ப் எழுத்தின்மேல் விரலை வைத்துக் காட்டினேன். "நீங்களேதான் வாசிக்கணும். அதான் ரூல்ஸு."

அவர் சிரித்தார். மயில் ரொம்ப நல்லாருக்கு என்றார், விளக்கும் நல்லாருக்கு என்றார். பேனாவை அழுத்திப் பிடித்து, ஒவ்வோர் எழுத்தாக, கோலம் போடுவதுபோல நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். குளித்து வந்த சித்தப்பா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேரே பிரஸ்ஸுக்குப் போனார். அம்மா திரும்பி வந்ததும், வேலையை முடித்துவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன்.

பத்து நாள் கழித்து அவர் மறுபடி வந்தார், இந்தத் தடவை தனியாக இல்லை. கூடவே அவர் மனைவியும், மனைவியின் அண்ணனும் வந்தார்கள். அந்த அண்ணன்தான் பிள்ளையின் மூத்த தாய்மாமன். அவர் மடியில் உட்கார்த்தித்தான் காது குத்தவேண்டும். பத்திரிகையில் மற்ற இரண்டு தாய்மாமன்களின் பெயரும் இருந்தது, அவர் பெயரைக் காணோம். சித்தப்பா செய்த கூத்து அது. மூத்தவர் பெயரை இரண்டு மயில்களுக்கு நடுவே தனியாக, பெரிதாக எழுத நினைத்தவர், மயில் வரைந்த சுகத்தில் அந்த இடத்தில் ஒரு குத்துவிளக்கை வரைந்து முடித்துவிட்டார்.

இரண்டு குடும்பத்துக்கும் நடுவே ஏதோ நிலத் தகராறு ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்தது என்பது பேச்சிலிருந்து தெரிந்தது. பெயர் வேண்டுமென்றே விடப்பட்டது என்று அந்த மூத்தவர் நினைத்தார். மனைவி அழுது முகம் வீங்கியிருந்தாள். கணவர் செருப்பைக் கழற்றிய இடத்திலேயே நின்றார், உள்ளே வரவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன் தங்கச்சி," என்றார் மூத்தவர். "எம் பேர விடச் சொன்னது எங்க மாப்ளயா, நீங்களா விட்டீகளா?"

அம்மா கம்பியிலிருந்து ஆர்டர் தாளை உருவி அவரிடம் கொடுத்தாள். கணவர் வாயால் சொல்லச் சொல்ல சித்தப்பா எழுதியது அது. தாய்மாமன்கள் என்ற இடத்தில் முதல் பெயர் அவருடையதுதான். அவர் அதை இரண்டு தரம் வாசித்தார். முகம் கொஞ்சம் இளகியது. ஆனால் மனிதர் விவரமானவர்.

"அச்சுக்குக் குடுக்குறதுக்கு முன்னாடி இவருகிட்டக் காட்டலையா?"

இந்தக் கேள்விக்காகவே நான் காத்திருந்தேன். ஃபைலிலிருந்து கையெழுத்துத் தாளை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். அதைக் காட்டிவிட்டால் பழி எங்கள்மேல் நிற்காது. "காட்டுனோம், இவருதான் கண்ணாடி இல்லைன்னு..." என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா என் கையிலிருந்து தாளைப் பிடுங்கி, அந்தக் கையெழுத்தை ஒரு பார்வை பார்த்து, நான்காக மடித்து இடுப்பில் செருகினாள்.

"காட்டலைண்ணே. காட்டாம அனுப்பிச்சுட்டோம். முழுக்க எங்க தப்பு. அவரு பாத்திருந்தா விட்டிருப்பாரா?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பொய் சொன்னதற்காக அதற்கு முந்தின வாரம்தான் அம்மாவிடம் அடி வாங்கியிருந்தேன். கணவர் தலை நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் முறைத்தேன். அவர்தான் முதலில் கண்ணைத் தாழ்த்தினார். உண்மையை ஒப்புக்கொள்ளத் துப்பில்லாத ஆள் என்று அப்போதே முடிவு கட்டினேன்.

அம்மா வெற்றிலை பாக்கு வைத்துத் தட்டை நீட்டி மன்னிப்புக் கேட்டாள். மூத்தவர் சற்றுத் தயங்கி எடுத்துக்கொண்டார். மயிலுக்கு நடுவில் அவர் பெயரோடு புதிதாக அச்சடித்து, முதல் பத்திரிகையைச் சித்தப்பாவே அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். காதுகுத்து அவர் மடியில்தான் நடந்தது. அந்தக் கையெழுத்துத் தாளை அம்மா அன்று சாயங்காலமே அடுப்பில் போட்டாள். எங்கள் ஃபைலிலிருந்து ஒரு தாள் எரிந்தது அது ஒருமுறைதான்.

மறுவாரம் புது ஸ்டாம்ப் வந்தது. 'பெயர்கள் அனைத்தும் வாசித்துக் காட்டப்பட்டன. சரி' என்று இருந்தது. இனிமேல் யார் வந்தாலும் முழுப் பத்திரிகையையும் நான் உரக்க வாசிக்கவேண்டும் என்றாள் அம்மா. எங்கள் பள்ளித் தலைமையாசிரியர் தன் மகள் கல்யாணத்துக்கு ஆர்டர் கொடுத்தபோது அவருக்கும் வாசித்தேன். எனக்கே வாசித்துக் காட்டுகிறாயா என்று அவர் முகம் சுளித்தார். "எல்லாருக்கும் இப்படித்தான் சார், எங்க வழக்கம்," என்றாள் அம்மா. நான் கூனிக் குறுகிப்போனேன். அம்மா இல்லாத நேரத்தில் அதிகாரம் செய்ததற்கு எனக்குக் கொடுத்த தண்டனை என்றுதான் நினைத்தேன். ஒருத்தருக்கு மட்டும் வாசித்தால் அது அவரைக் காட்டிக்கொடுப்பதாகும், ஊருக்கே வாசித்தால் யாரும் வாய்விட்டுக் கேட்கவேண்டியதில்லை. அந்தக் கணக்கு எனக்குப் புரிந்தபோது எனக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். அந்த மனிதருக்கு எழுத்து தெரியாது. தன் பெயரை மட்டும் வரையப் பழகியிருந்தார். பத்து வயது ஆபீசரிடம் கெஞ்ச முடியாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆனால் அன்றைக்கு எனக்கு என்ன தெரியும்? இரண்டு வருடம் கழித்து, இளைய மகனின் காதுகுத்துக்கு அவர் மறுபடியும் வந்தார். அம்மாவைக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். நான் வாசிக்க வாசிக்க, கண்ணை மூடி ஒவ்வொரு பெயருக்கும் தலையாட்டினார். ஒரு இடத்தில் நிறுத்தி இனிஷியலைத் திருத்தினார். பிறகு பேனாவை வாங்கி, பழையபடி எழுத்தெழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"இன்னைக்கும் கண்ணாடி கொண்டுவரலையா?"

அம்மா உள்ளேயிருந்து என் பெயரைச் சொல்லி அதட்டினாள். அவர் கோபப்படவில்லை. சட்டைப் பையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

"மறந்துட்டேன் ஆத்தா," என்றார்.

இரண்டு வருடமாகியும் மறதி தீரவில்லையே, பாவம் என்று நினைத்துக்கொண்டு கையெழுத்துக்கு மேலே ஸ்டாம்ப்பைக் குத்தினேன்.