பயனிலைக்காகக் காத்து நின்றேன்

அயர்லாந்துக்கு வந்த முதல் வாரத்தில், பக்கத்து வீட்டு நோரா அம்மாள் வேலிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றபடி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "ஹவ் லாங் ஆர் யூ ஹியர்?" என்பது. எவ்வளவு காலம் இங்கே இருக்கப்போகிறீர்கள் என்று கேட்பதாக எடுத்துக்கொண்டு, என் மனைவி ஸ்டெல்லாவின் ஆஸ்பத்திரி ஒப்பந்தத்தை மனத்தில் வைத்து, இரண்டு வருஷம் என்றேன். அந்த அம்மாளின் முகம் மாறிவிட்டது. இரண்டு வருஷமாகப் பக்கத்து வீட்டில் இருக்கிறீர்களா, ஒரு தடவைகூடக் கண்ணில் படவில்லையே என்று அவர் தன் கணவர் டாமியைக் கூப்பிட்டுச் சொன்னார். போன மாதம்வரை அந்த வீட்டில் வேறொரு குடும்பம் இருந்ததை டாமி அவருக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது. வந்து எவ்வளவு நாளாகிறது என்பதைத்தான் இந்த ஊரில் அப்படிக் கேட்கிறார்கள். அதற்கு 'ஹேவ் பீன்' போட வேண்டும் என்று என் வாழ்நாளில் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன். இங்கிலீஷையே பிறந்த மொழியாகப் பேசும் ஒருவர் அதைப் போடாமல் நிம்மதியாக நிற்பதைப் பார்த்து, உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

நான் திண்டிவனத்துக்காரன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இங்கிலீஷ் டியூஷன் நடத்தினேன். சென்னைக்கும் திருச்சிக்கும் போகிற பஸ்களின் ஹார்ன் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பன்னிரண்டு டென்ஸையும் கரும்பலகையில் கட்டம் போட்டு நடத்துவேன். சனி, ஞாயிறுகளில் விழுப்புரம் போய், வெளிநாட்டு வேலைக்குப் பரீட்சை எழுதும் நர்ஸுகளுக்குப் பாடம் எடுப்பேன். ஸ்டெல்லாவை அங்கேதான் சந்தித்தேன். அந்த வகுப்பில் கண்டாச்சிபுரத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். இறந்துபோனவர்களைப் பற்றி எழுதும்போது 'ஈஸ்' வராது, 'வாஸ்'தான் என்று நான் விளக்கியபோது எழுந்து நின்றாள். "தமிழ்ல இந்தப் பேஜாரே இல்லீங்களே சார். அப்பா விவசாயின்னு எழுதினா முடிஞ்சுபோச்சு. இருக்காரா, போய்ட்டாரான்னு அந்த வார்த்தை கேக்கறது இல்லீங்களே" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே, தமிழில் பெயரே பயனிலையாக நின்றுவிடும், வினைச்சொல் தேவையில்லை, இங்கிலீஷில் அந்தச் சலுகை கிடையாது என்று சொல்லி அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன். கணக்கு என்றுதான் நான் சொல்வது வழக்கம். டென்ஸ் என்பது எனக்குக் கணக்கைப் போலத்தான் இருந்தது. எழுவாய், பயனிலை, காலம் மூன்றும் சரியாக இருந்தால் விடை வந்துவிடும்.

இங்கே வந்தபின் எனக்கு ஒரு சூப்பர்மார்க்கெட்டின் கிடங்கில் வேலை கிடைத்தது. அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் என் இங்கிலீஷ் என்னை இப்படிக் கைவிடும் என்று நினைக்கவில்லை. கிடங்கில் நான் பேசுவது அவர்களுக்குப் புத்தகத்தைப் படிப்பது போலிருந்தது. அவர்கள் பேசுவது எனக்குப் பாதி வாக்கியமாகவே கேட்டது.

டாமி விழுந்த காலையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அன்று எனக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை. வாசலில் குப்பைத் தொட்டியை இழுத்து வைத்துக்கொண்டிருந்தேன். நோரா அம்மாள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். வீட்டுச் செருப்பு, கையில் ஒரு துணி. சத்தம் போடவில்லை, அழவில்லை. என்னைப் பார்த்து, "டாமி... ஹீ ஈஸ் ஆஃப்டர் ஃபாலிங்" என்றார்.

நான் நின்றேன். 'ஆஃப்டர் ஃபாலிங்', அதாவது விழுந்த பிறகு. விழுந்த பிறகு என்ன? விழுந்த பிறகு எழுந்தாரா, டாக்டரிடம் போனாரா, இப்போது தேவலையா? வாக்கியத்தின் மீதியை அவர் சொல்வார் என்று மரியாதையாகத் தலையை ஆட்டிக்கொண்டு காத்திருந்தேன். அவரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். சொல்ல வேண்டியதை அவர் சொல்லி முடித்துவிட்டார். எனக்குத்தான் பயனிலை வந்து சேரவில்லை. அந்த இடைவெளி எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அவர் மறுபடியும் அதே வாக்கியத்தை, அதே சொற்களோடு, உடைந்த குரலில் சொன்னார். திறந்த கதவு வழியாக நடைவழியின் முடிவில், சமையலறைத் தரையில் நீட்டிக் கிடந்த இரண்டு கால்கள் என் கண்ணில் பட்டன.

தொட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். டாமி அடுப்போரம் கிடந்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. கண் திறந்திருந்தது, என்னைப் பார்த்தது. ஸ்டெல்லாவை நான் கூப்பிட்ட சத்தத்தில் அவள் ஈரத் தலையோடு சுவரைத் தாண்டிக் குதித்து வந்தாள். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள், ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னாள், நேரத்தைக் குறித்துக்கொண்டாள். போனில் பேசியவரிடம் நான் என்ன சொன்னேன் என்று இப்போதும் நினைவில்லை. விலாசத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னதாக ஸ்டெல்லா பிறகு சொன்னாள்.

அன்று சாயந்திரம், நான் நின்ற நேரத்தால் ஏதாவது கெட்டதா என்று ஸ்டெல்லாவிடம் கேட்டேன். அவள் பதினாலு வருஷமாக நர்ஸாக இருப்பவள், முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் தொடங்கி. மனசு நோகுமே என்று பொய் சொல்லமாட்டாள். "அது பெரிய ஸ்ட்ரோக்குங்க. நீங்க பறந்து போயிருந்தாலும் ஒண்ணும் மாறியிருக்காது" என்றாள். பிறகு அந்த வாக்கியத்தையும் அவளே விளக்கினாள். வார்டில் தினமும் கேட்கிறாளாம். மாத்திரை போட்டாயிற்று என்பதை 'ஆஃப்டர் டேக்கிங்' என்பார்களாம். இப்போதுதான் நடந்து முடிந்தது, சூடு ஆறவில்லை என்று அர்த்தம். இவர்களுடைய பழைய மொழியான ஐரிஷில் அப்படித்தான் சொல்வார்களாம். அந்த மொழியை இந்த ஊரில் வீட்டில் பேசுகிறவர்கள் அநேகமாக இல்லை. மொழி போனாலும் அது காலத்தைப் பார்த்த விதம் போகவில்லை, இங்கிலீஷுக்குள் வந்து குடியேறிவிட்டது. நம் பிள்ளைகள் 'ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்' என்று எழுதும்போதெல்லாம் சிவப்பு மையால் அடித்திருக்கிறேன். அங்கேயும் நம் மொழி இப்படித்தான் இங்கிலீஷுக்குள் குடியேறிக்கொண்டிருந்தது என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. திகைப்பாக இருந்தது.

டாமி அந்த வாரத்தைத் தாண்டவில்லை. உடலை வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறையில் வைத்தார்கள். எங்கள் குடும்பமும் கத்தோலிக்கக் குடும்பம்தான். விரல்களில் சுற்றிய ஜெபமாலையும் தலைமாட்டு மெழுகுவத்தியும் எனக்குப் பழக்கமானவை. மற்றதெல்லாம் அதிர்ச்சியாக இருந்தது. ஓலம் இல்லை, மாரடிப்பு இல்லை. கோட்டும் டையுமாகப் படுத்திருந்தவருக்கு இரண்டடி தள்ளி ஜனங்கள் தேநீர்க் கோப்பையோடு நின்று, டாமி ஒரு காலத்தில் பசுவை வழி தவறி ஓட்டிப்போன கதையைச் சொல்லிச் சிரித்தார்கள். நோரா அம்மாளும் சிரித்தார். ஸ்டெல்லா என் கையை அழுத்தியிருக்காவிட்டால் வெளியே போயிருப்பேன்.

துக்கம் கேட்கும்போது இன்ன வாக்கியத்தைச் சொல்ல வேண்டும் என்று கிடங்கில் கூட வேலை செய்கிறவர் சொல்லிக்கொடுத்திருந்தார். வழியெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். நோரா அம்மாள் எதிரே வந்து நின்றதும் அது காணாமல் போயிற்று. நல்ல மனுஷன் என்பது மட்டும்தான் மனத்தில் இருந்தது, தமிழில். அதை அப்படியே வாய் இங்கிலீஷாக்கியது. "ஹீ ஈஸ் எ குட் மேன்" என்றேன்.

பக்கத்தில் நின்றவர்களின் பேச்சு நின்றது. பாடை கட்டிய பிறகும் 'ஈஸ்' போடுகிறவனா நான்? திருத்துவதற்கு வாயைத் திறந்தேன். நோரா அம்மாள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அன்று முழுவதும் அழாதவர் கண்ணில் தண்ணீர் நின்றது. "ஹீ ஈஸ்" என்றார். "ஹீ ஈஸ், காட் ஹெல்ப் மீ." திருத்த வந்த சொல்லை விழுங்கிவிட்டேன்.

கிளம்பும்போது அவர் வாசல்வரை வந்தார். "ஆர் யூ கோயிங் ஹோம்?" என்று கேட்டார். இப்படிக் கேட்டால் முடிவு செய்துவிட்ட ஊர்ப் பயணத்தைக் கேட்பதாகவும் இருக்கலாம். நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அடுத்த மே மாதம், லீவு கிடைத்தால் என்றேன். அவர் என் தோளைத் தட்டி, பக்கத்து வீட்டைக் கையால் காட்டினார். அவர் கேட்டது அதைத்தான்.

ஸ்டெல்லா கோப்பைகளைக் கழுவ உள்ளேயே தங்கிவிட்டாள். நான் தனியாக இறங்கி நடந்தபோது போன் அடித்தது. திண்டிவனத்திலிருந்து அப்பா. எங்கே இருக்கிறாய் என்று கேட்டார். அங்கே பின்னால் டிவி ஓடும் சத்தமும், அம்மா மல்லாட்டை வறுக்கும் கரண்டிச் சத்தமும் கேட்டன. துக்க வீட்டிலிருந்து வருகிறேன் என்று சொல்ல விருப்பமில்லை. வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். அப்பாவிடம் வீடு என்ற சொல்லோடு போகிறேன் என்பது இதுவரை என் வாயில் வந்ததே இல்லை, வருகிறேன் என்றுதான் வரும்.

"வீட்டுக்கு வந்துக்கினு இருக்கேன்பா" என்றேன்.

அந்தப் பக்கம் டிவிச் சத்தம் சட்டென்று குறைந்தது. கரண்டியும் நின்றது.

"எப்ப வர்றப்பா? சொல்லவே இல்லியே" என்றார் அப்பா.

நான் கேட்டில் கை வைத்தபடி, இரண்டு வீட்டு வாசலுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.