முதல் விளக்கும் கோர்ட்டுத் தாளும்

இன்று காலை பிரிக்பீல்ட்ஸ் கோயிலில் திருவிளக்கு பூஜை. முதல் விளக்கை ஏற்ற வேண்டியவர் கமலா அக்கா. அவர் தீப்பெட்டியை எடுத்ததும் லோகா அக்கா தடுத்துவிட்டார்.

“கேஸ்ல மாட்டுனவங்க முதல் விளக்கு ஏத்தக்கூடாது லா.”

கோர்ட்டிலிருந்து கமலா அக்காவுக்கு வந்த தாளைப் படம் பிடித்து, “குற்றவாளி” என்று எழுதி, நேற்றே எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டவரும் லோகா அக்காதான்.

கமலா அக்கா தீப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

நான் போனைத் திறந்து அந்தத் தாளைப் படித்தேன். வேலிச் சுவர் தகராறில் கமலா அக்கா மேல் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் போட்ட சிவில் வழக்கு.

“லோகா அக்கா, கேஸ் போட்டவர் பிளேன்டிஃப். பதில் சொல்ல வேண்டியவர் டிஃபென்டன். அவ்வளவுதான். குற்றம் சாட்டப்பட்டவர்னா மலாய்ல ‘தெர்துடு’ன்னு போட்டிருக்கும். இதுல எங்க இருக்கு, காட்டுங்க?”

“அடேங்கப்பா, லாயரம்மா வந்துட்டாங்க! எல்லாம் ஒண்ணுதான்.”

“சரி. நீங்க குரூப்ல எழுதுனதுக்கு கமலா அக்கா கேஸ் போட்டா, நீங்கதான் டிஃபென்டன். அப்ப உங்களைக் குற்றவாளின்னு கூப்பிடலாமா?”

லோகா அக்கா வழிவிட்டார். கமலா அக்கா மறுபடி தீப்பெட்டியை எடுத்தார்; மூன்றாவது குச்சியில்தான் விளக்கு எரிந்தது.

வீட்டுக்கு வந்து பார்த்தால் குரூப்பில் அந்தப் படத்தைக் காணோம். லோகா அக்காவின் மன்னிப்பு வேறு எந்த குரூப்பில் வந்தது? பார்த்தவர்கள் சொல்லுங்கள்.