பிசிக்ஸ் வகுப்புக்குப் பதினைந்து பேர்

அன்றைக்கு வேனில் இருந்தவர்கள்: ஓட்டுகிற இடத்தில் நான். பக்கத்தில் என் மகள். பின்னால் லோரி ஓட்டுநரின் மகன், நெட்டையன். அவனுக்கு அடுத்து, ஏறியதும் தூங்கிவிடும் ஒரு பையன். கடைசி இருக்கையில் பூக்கடை அக்காவின் மகள், அதிகம் பேசாத பிள்ளை. என்னைத் தவிர எல்லோரும் படிவம் மூன்றில் படிக்கிறவர்கள். ஒரே பள்ளி.

காப்பாரிலிருந்து கிள்ளான் டவுனுக்குப் பள்ளி வேன் ஓட்டுகிறேன். ஆறாம் வகுப்போடு நின்றவள்.

திங்கட்கிழமை மகள் சொன்னாள். அடுத்த ஆண்டு படிவம் நான்கில் பிசிக்ஸ் வகுப்பு திறப்பது சந்தேகமாம். பதினைந்து பேர் வேண்டும். அவளையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர்தான் பெயர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை கடைசி நாள். சின்ன வயதிலிருந்தே இஞ்சினியர் ஆவேன் என்று சொல்கிறவள் அவள். வகுப்பு இல்லை என்றால் வேறு பள்ளி தேட வேண்டும். அந்தப் பக்கம் என் வேன் போகாது.

பின்னால் திரும்பிக் கேட்டாள்.

"நீங்க மூணு பேரும் வாங்க. கணக்கு சரியாப் போயிரும்."

"என்ன, ஆளு புடிக்கிறியா? எலெக்‌ஷனா?" என்றான் நெட்டையன்.

"பிசிக்ஸ் லா."

"வேணாம் தாயே. எங்கண்ணன் எடுத்தான், எஸ்பிஎம் பரீட்சைல ஊத்திக்கிச்சு. அக்கவுண்ட்ஸ் போதும்."

"அக்கவுண்ட்ஸ் எடுத்தவன் எல்லாம் பேங்க் மேனேஜர் ஆயிட்டானா?"

"வாய்க்கு மட்டும் உனக்கு ஏ பிளஸ்."

பூக்கடைப் பிள்ளை, "அம்மா விடமாட்டாங்க" என்றது. தூங்குகிறவனை யாரும் கேட்கவில்லை.

இந்தப் பேச்சை வேனில் பல வருடமாகக் கேட்கிறேன். பிள்ளைகளுக்கு சயன்ஸ் பிடிக்காமல் இல்லை. மார்க் போய்விடும் என்று பயம்.

மறுநாள் காலை பாலத்தின் மேல் ஜாம். ஒரு கொண்டெய்னர் லோரி குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். தூங்கியவனின் நெற்றி முன் இருக்கையில் இடித்தது.

"ஐயோ ஆன்டி!"

நெட்டையன் விழுந்து விழுந்து சிரித்தான். மகள் சிரிக்கவில்லை.

"வேன் நின்னுருச்சு. நீ நிக்கல, போய்க்கிட்டே இருந்த. அதுக்குத்தான் இனெர்சியான்னு பேரு. படிவம் நாலு பாடம்."

சீனியர் ஒருத்தியிடம் புத்தகத்தை இரவல் வாங்கிப் பாதி படித்திருந்தாள்.

அவன் நெற்றியைத் தேய்த்தான். "அப்ப ஆன்டி திடீர்னு எண்ண மிதிச்சு வேகமா எடுத்தா?"

"தல பின்னால போவும். அதே கததான்."

நெட்டையன் சிரிப்பை நிறுத்தினான். "எங்கப்பா லோரில லோடு ஏத்துனா பிரேக் புடிச்சு நிக்க ரொம்ப தூரம் ஆவுது. அதுவுமா?"

"அதுவும்தான். எட கூடக் கூட, நிக்கறதுக்கு அடம் புடிக்கும்."

அவன் விடவில்லை. காலி லோரியைக் கேட்டான். மழை ரோட்டைக் கேட்டான். அவள் தெரிந்ததைச் சொன்னாள். தெரியாததை, "படிச்சிட்டு நாளைக்குச் சொல்றேன்" என்றாள். பூக்கடைப் பிள்ளை கடைசி இருக்கையிலிருந்து எழுந்து நடுவில் வந்து உட்கார்ந்தது.

நான் ரேடியோவை அடைத்தேன். காலைப் பாட்டு இல்லாமல் அதுவரை நான் ஓட்டியதில்லை.

புதன், வியாழன் இரண்டு நாளும் அப்படியே போனது. வியாழன் பகல் வீடு திரும்பும்போது நெட்டையன் சொன்னான்.

"சரி, எழுதிக் குடுக்குறேன். ஃபெயில் ஆனா உங்க வீட்டு வாசல்லதான் வந்து உக்காருவேன்."

"நானும்" என்றான் மற்றவன். "எப்படியும் இனிமே தூங்க விடமாட்டீங்க."

ஒருத்தி பாக்கி. யாரிடமும் போய் எதுவும் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. அன்று மாலை பூக்கடைக்குப் போனேன்.

"அக்கா, பிள்ளைய பிசிக்ஸ் எடுக்க விடுங்க."

"எனக்கு அதெல்லாம் ஒண்ணும் புரியாதும்மா."

"எனக்கும் புரியாது. எம்பொண்ணு வேன்ல சொல்லிக் குடுக்குது. உங்க பிள்ள நல்லா கேக்குது, பாத்தேன்."

"கஷ்டம்னு சொல்றாங்களே?"

"கஷ்டம்தான்."

அவர் இன்னும் நாலு பூவைச் சேர்த்துக் கட்டினார்.

"உம்பொண்ணு கூடவே இருக்குமா?"

"இருக்கும்."

நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "எழுதிக் குடுக்கச் சொல்லு."

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டது. முதலில் நெட்டையன் ஏறினான்.

"ஆன்டி, எங்க பந்து டீம்லேர்ந்தும் ஆளு இழுத்துட்டுப் போனேன். லோரி கதையச் சொன்னேன், அவனுங்களும் எழுதிக் குடுத்துட்டானுங்க."

மகள் பிறகு வந்தாள். பெல்ட் போட்டாள். முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. அதில் அவள் என்னைப் போல.

வாய்விட்டுப் புகழ எனக்கு வராது. நிமிர்ந்து உட்கார்ந்து வண்டியை எடுத்தேன்.

"தொறக்குறாங்களா?"

"தொறக்குறாங்கம்மா."

"எத்தன பேரு?"

"பதினேழு."