வானத்துக்கு ஒரு செவ்வாய், அப்பாவுக்கு ஒரு செவ்வாய்

எனக்கு இரண்டு ஜாதகங்கள் உண்டு. அப்பா கணித்ததில் செவ்வாய் எட்டாம் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, வரப்போகிற கணவனின் ஆயுளைப் பறிக்கக் காத்திருந்தது. பிள்ளை வீட்டார் கணித்ததில் அதே செவ்வாய் ஒன்பதாம் இடத்துக்கு நகர்ந்து சமர்த்தாக இருந்தது. நான் பிறந்தது என்னவோ ஒரே தடவைதான். அப்பா பார்ப்பது பழைய சூத்திரங்களை அப்படியே வைத்துக் கணிக்கிற வாக்கியப் பஞ்சாங்கம், அவர்கள் பார்ப்பது வானத்தைப் பார்த்துத் திருத்திய திருக்கணிதம். நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தது நான்.

எழுபதுகளின் தொடக்கம் அது. அப்பாவுக்குத் திருவள்ளூர்க் கோயிலில் கைங்கர்யம். ஊரில் பாதிக் கல்யாணங்களுக்குப் பொருத்தம் பார்ப்பவரும் அவர்தான். நான் கணிதத்தில் பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் இருந்தேன். எட்டாம் இடம் என்றதும் வந்த வரன்கள் எல்லாம் ஓட்டம் பிடித்தன. இந்த ஒருவர் மட்டும் ஓடவில்லை. கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்த தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கிற வேலை, பொன்னேரியில் ஜாகை. பெண் பார்க்க வந்த அன்று, பாடத் தெரியுமா என்று கேட்காமல், "கணக்குல வர்ற எண்ணெல்லாம் வெளியில இருக்கா, நம்ம மனசுல இருக்கா? நீங்க என்ன நினைக்கறேள்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே எனக்கு ஆளைப் பிடித்துவிட்டது.

அவர்கள் சம்மதம் சொல்லி அனுப்பினார்கள். மறுத்தவர் அப்பாதான். அடுத்தவர் பிள்ளையைத் தெரிந்தே சாகக் கொடுக்கமாட்டேன் என்றார். அதில் துளிகூடப் பொய் கிடையாது. அதனால்தான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சலாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிள்ளையே தனியாக வந்து நின்றார். பேசின் பிரிட்ஜில் ரயில் மாறி வந்திருக்கிறார். ரிக்‌ஷாவை வாசலில் காத்திருக்கச் சொல்லிவிட்டு உள்ளே வந்தார். அம்மா போன பிறகு என்னை வளர்த்த அத்தை, அப்பாவின் தங்கை, காபியைக் கொண்டுவந்து வைத்தாள். அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை. வைத்துவிட்டு அடுக்களை நிலைப்படியில் நின்றுகொண்டாள்.

"வாக்கியம்னா என்ன தெரியுமோ?" என்று அப்பா ஆரம்பித்தார். "ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண். கேக்கறவாளுக்கு அது சுலோகம், தெரிஞ்சவாளுக்குக் கணக்கு. தலைமுறை தலைமுறையா ஒரு எழுத்து பிசகாம வந்திருக்கு."

"பிசகலை மாமா, ஒத்துக்கறேன். ஆனா ஒரு வாக்கியம் பிசகாம இருக்கறது வேற, அது சொல்றது நிஜமா இருக்கறது வேற இல்லையா? நிஜமான்னு வாக்கியத்தையே கேக்க முடியாது. வெளியில போய் வானத்தைத்தான் பாக்கணும்."

அப்பா என் பக்கம் திரும்பினார். அவர் குரல் தணிந்தால்தான் எங்களுக்குப் பயம்.

"நீ கணக்குப் படிச்சவ. முக்கோணத்துக்கு மூணு கோணமும் சேந்தா ரெண்டு செங்கோணம். எத்தனை முக்கோணத்தை அளந்து பாத்துட்டு ஒத்துண்டே?"

ஒன்றையும் அளக்கவில்லை. அளந்தால் அது கணக்கே இல்லை என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நல்ல அடி.

"முக்கோணத்தை நாம சொன்னபடிதானே வரையறோம்?" என்றேன். "செவ்வாயை நாம வரையலையேப்பா. அது பாட்டுக்கு அங்க இருக்கு."

பிள்ளை காபியைத் தொடவே இல்லை. "ஒண்ணு கேக்கலாமா மாமா? கிரகணத்துக்கு மட்டும் உங்க பஞ்சாங்கக்காரா திருக்கணிதத்துல எடுத்துப் போடறாளே, அது ஏன்?"

அப்பா உத்தரீயத்தைச் சரிசெய்துகொண்டார்.

"கிரகணத்தை ஊரே பாக்கறது."

"அப்ப, யாரும் பாக்காததுல மட்டும் தப்பு இருக்கலாமா?"

வாசலிலிருந்து ரிக்‌ஷாக்காரர் குரல் கொடுத்தார். "இன்னா சாமி, பேசிக்கினே கீறீங்க? ரயிலு வர்ற டைமாச்சு."

அப்பா எழுந்துவிட்டார். பேச்சு முடிந்தது என்று அதற்கு அர்த்தம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. இந்த மனிதர் அந்த ரிக்‌ஷாவில் ஏறினால் திரும்பி வரமாட்டார் என்று தெரிந்துவிட்டது.

"எனக்குக் கல்யாணம் ஆகி இவர் நன்னா இருந்தா, பெருமாள் காப்பாத்தினார்னு சொல்லுவேள். இல்லாம போனா, அப்பவே சொன்னேன்னு சொல்லுவேள். என்ன நடந்தா உங்க கணக்கு தப்புன்னு ஒத்துப்பேள்? அத்தையோட செவ்வாயும் இதே மாதிரிதானே?"

அத்தைக்கு ஜாதகம் கணித்ததும் அப்பாதான். அவளுக்கும் எட்டில் செவ்வாய் என்று வரன்களைத் திருப்பி அனுப்பியவரும் அவர்தான். அப்பாவின் முகத்தில் கோபம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது பயம். அதை அப்போதுதான் பார்த்தேன். என் செவ்வாய் நகர்ந்தால் அத்தையின் செவ்வாயையும் நகர்த்திப் பார்க்கவேண்டி வரும். அவளுக்குப் பிறகு அவர் வேண்டாம் என்று சொன்ன எத்தனையோ வீட்டுப் பெண்களுடையதையும்.

"பழைய வருஷத்துத் திருக்கணிதப் பஞ்சாங்கம் எங்கப்பாகிட்ட இருக்கு," என்றார் பிள்ளை மெதுவாக. "உங்க தங்கையோடதையும் வேணா போட்டுப் பாக்கச் சொல்றேன்."

"வேண்டாம்," என்றாள் அத்தை.

நிலைப்படியை விட்டு அவள் கூடத்துக்கு வந்தாள். வெளி மனிதர்கள் இருக்கும்போது அவள் அங்கே வந்து நான் பார்த்ததில்லை.

"தோஷம் இல்லைன்னு வந்துட்டா நான் என்ன பண்றது? எனக்கு எட்டுலயே இருக்கட்டும். இவளுக்குப் பண்ணிக் குடுத்துடு அண்ணா."

அப்பா அவளைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டே பிள்ளையிடம் பேசினார்.

"முகூர்த்த நாளை உங்க அப்பாவையே பாக்கச் சொல்லுங்கோ. நான் பாக்கலை."

எனக்குக் கல்யாணம் நிச்சயமானது இப்படித்தான். அத்தை ஆறிப்போன காபியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், வேறு காபி கலந்து கொண்டுவந்தாள், குடித்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று என் கணவரை நிற்கவைத்துக் குடிக்க வைத்தாள்.