குரல் போன என்னிடம் ஆண்டவர் அனுப்பிய ஏழு பேர்

நான் வாயாடி. இதை என் அம்மா சொல்வார், தொழிற்சாலையில் கூட வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள், என் சபையும் சொல்லும். அப்படிப்பட்ட என் வாயைப் போன வருடம் ஆண்டவர் கொஞ்ச காலம் மூடி வைத்தார். அப்போது அவர் செய்ததை, அவரை நம்புகிற உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சீனப் பெருநாள் விடுமுறை முடிந்த வாரத்தில் தொண்டை கட்டியது. தொழிற்சாலை ஏர்கோன் குளிர் என்று நினைத்தேன். வெந்நீர், தேன், இஞ்சி, எல்லாம் பார்த்தேன். தவக்காலம் பாதி போவதற்குள் காற்று மட்டும்தான் வந்தது. மருத்துவமனையில் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். குரல் நாணில் ஒரு கட்டி. சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை பேசவே கூடாது, கிசுகிசுப்பாகக்கூட வேண்டாம் என்றார் டாக்டர். புற்றுநோயா என்று கைத்தொலைபேசியில் தட்டிக் காட்டினேன். "இப்ப எதுவும் சொல்ல முடியாது" என்றார்.

அன்று மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தலைக்கவசத்துக்குள் அழுதேன். சத்தம் போட்டு அழக்கூட எனக்கு அனுமதி இல்லை.

நான் போதகர் இல்லை. வார நாட்களில் பத்து பெரண்டாம் தொழிற்பேட்டையில் தரப் பரிசோதனை வேலை. ஞாயிறு காலையில் குருபோங்கில் என் வீட்டிலிருந்து கிளம்பி, ரெம்பியாவைத் தாண்டி, செம்பனை எண்ணெய்த் தோட்டத்துக்கு நடுவில் இருக்கும் ஒரு சின்ன ஆலயத்துக்குப் போவேன். திருச்சபை எனக்குப் பயிற்சி கொடுத்து உபதேசியாராக நியமித்திருக்கிறது. டிப்ளோமா படித்த காலத்தில், ஓர் இளைஞர் முகாமில், "ஆண்டவரே, என்னை எங்கேயாவது அனுப்பும்" என்று முழங்காலில் நின்று கேட்டேன். சிங்கப்பூர் மாதிரி ஏதாவது ஒரு பெரிய இடம் என்று மனதுக்குள் கணக்கு. அவர் ரெம்பியாவுக்கு அனுப்பினார்.

போதகர் ஐயாவுக்குப் பல சபைகள். எங்களிடம் மாதம் ஒரு முறைதான் வர முடியும். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவது, பிரசங்கம் செய்வது, நோயாளிகளைப் பார்ப்பது எல்லாம் என் பொறுப்பு. பெரிய வெள்ளியும்தான். நண்பகல் முதல் மூன்று மணி வரை, சிலுவையில் இயேசு பேசிய ஏழு வாக்குகளுக்கு ஏழு தியானம். பெரிய சபைகளில் ஏழு பேர் பேசுவார்கள். எங்கள் தோட்டத்தில் ஏழையும் நானே பேசுவேன். வெளியே பக்கத்து வீட்டு இந்துக் குடும்பங்கள் கஞ்சி காய்ச்சுவார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து குடிப்போம். அந்தத் தோட்டத்தில் பெரிய வெள்ளி என்றால் அதுதான்.

என் நிலையைக் கேட்ட ஐயா, இந்த ஒரு வருடம் ஆலயத்தைப் பூட்டிவிட்டு எல்லாரையும் வேனில் நகரத்து ஆலயத்துக்கு அழைத்து வரலாம் என்றார். அக்கறையோடுதான் சொன்னார். எனக்கு மனம் கேட்கவில்லை. முதியவர்கள் பாதிப் பேர் வேன் ஏற மாட்டார்கள். கஞ்சி காய்ச்சுகிறவர்கள் யாருக்குக் காய்ச்சுவார்கள்? ஒரு முறை பூட்டிய கதவை மறுமுறை பூட்டுவது சுலபம். "ஆண்டவரே, பெரிய வெள்ளிக்குள் என் குரலைத் திருப்பித் தாரும்" என்று தினமும் ஜெபித்தேன். குரல் வரவில்லை.

சரி, படித்த பையன்தானே, வழி கண்டுபிடித்தேன். ஏழு தியானத்தையும் கைத்தொலைபேசியில் தட்டெழுதினேன். எழுதியதை உரக்க வாசிக்கும் செயலி ஒன்றை இறக்கினேன். பெரிய வெள்ளிக்கு முந்தைய குருத்தோலை ஞாயிறு அன்று, ஐயா வந்து ஆராதனை நடத்திவிட்டுப் போன பிறகு, அதை ஒலிபெருக்கியில் இணைத்து எல்லாருக்கும் போட்டுக் காட்டினேன். எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை.

ஒரு பெண் குரல் புறப்பட்டது. அழுகையும் இல்லை, மூச்சும் இல்லை. சிலுவை மரணத்தை வானிலை அறிக்கை போல வாசித்தது. பின்வரிசைப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ரெம்பியா பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் சமைக்கும் மேரி அக்காவால் பொறுக்க முடியவில்லை.

"தம்பி, இந்தப் பொம்பள ஏர்போர்ட்ல பிளைட்டுக்குக் கூப்பிடுற மாதிரி பேசுது. இதக் கேக்கவா நாங்க சாப்புடாம மூணு மணி நேரம் உக்காரணும்?"

வேறு வழி இல்லை அக்கா என்று தட்டிக் காட்டினேன். அவர் அதை எல்லாருக்கும் வாசித்தார். சிரிப்பு நின்றது.

செம்பனைக் குலை வெட்டும் வேலை செய்கிற சூசை அண்ணன் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ஆலயத்தில் ஆமென் தவிர வேறு வார்த்தை பேசாத மனிதர். "நாங்க பேசுனா ஆகாதா?" என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடனே, நானே எழுதித் தருகிறேன், நீங்கள் வாசித்தால் போதும் என்று தட்டினேன். அதற்கும் மேரி அக்கா விடவில்லை.

"நீ எழுதிக் குடுத்து வாசிக்கிறதுக்கு அந்த ஏர்போர்ட் பொம்பளயே போதும்லா."

அன்றே ஏழு பேர் பெயர் கொடுத்தார்கள். வேன் வேண்டாம் என்று ஐயாவுக்குச் செய்தி அனுப்பினேன்.

பெரிய வெள்ளி வந்தது. பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தேன். இயேசு தன் தாயைச் சீடனிடம் ஒப்படைத்த வாக்கை மேரி அக்கா எடுத்துக்கொண்டார். சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் எப்போதாவதுதான் வருவான் என்றும், போன மழைக்காலத்தில் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொண்டு வந்தது பக்கத்து வீட்டுப் பெண் என்றும் சொன்னார். அந்தப் பெண் வெளியே கஞ்சிப் பானையைக் கிளறிக்கொண்டிருந்தார். கரண்டிச் சத்தம் நின்றது.

தாகத்தைப் பற்றிய வாக்கு சூசை அண்ணனுக்கு. மைக்கைப் பிடித்தார். ஒரு குவளை தண்ணீர் கேட்டு வாங்கினார். குடிக்கவில்லை.

"மத்தியான வெயில்ல குலை வெட்டிட்டு நிக்கிறப்ப, யாரு தண்ணி கேட்டாலும் குடுத்துருவோம். இந்தோனேசியாக்காரனா, பங்களாதேஷ் பையனா, பாக்க மாட்டோம். அன்னைக்கு இவரு கேட்டாரு. புளிச்ச காடியக் குடுத்தாங்க. எனக்கு அதத் தாங்க முடியல."

அவ்வளவுதான். குவளையைச் சிலுவைக்கு அடியில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

நான் இதுவரை எத்தனையோ பிரசங்கம் செய்திருக்கிறேன், கேட்டும் இருக்கிறேன். அந்தக் குவளைக்கு முன்னால் அழுதது போல எங்கேயும் அழுததில்லை. கட்டி என்னவாக இருந்தாலும் சரி, இந்த ஆலயம் பூட்டப்படாது என்று அந்த நிமிடம் எனக்குத் தெரிந்தது. குரலைத் திருப்பிக் கேட்டு நான் செய்த ஜெபத்துக்கு ஆண்டவர் அன்றே பதில் சொல்லிவிட்டார். என் சபை! எங்கே போனாலும் தலை நிமிர்ந்து சொல்வேன்.

ஈஸ்டர் முடிந்து முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. ஓயாமல் தொண்டையை வருத்தியதால் வந்த கட்டி. சின்ன அறுவை சிகிச்சையில் எடுத்துவிட்டார்கள். குரல் மெதுவாகத் திரும்பியது. இன்றும் கொஞ்சம் கரகரப்பு உண்டு. பாட்டில் மேல் சுருதி எட்டாது. ஸ்தோத்திரம்.

இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் நான் பிரசங்கம் செய்கிறேன். மற்ற ஞாயிறுகளில் அவர்கள் பேசுகிறார்கள். சூசை அண்ணன் உபதேசியார் பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டார். மீதி நேரத்தில் நான் வேறு தோட்டங்களுக்குப் போகிறேன். போதகர் ஐயா எங்கள் கதையை நகரத்துச் சபையில் சொன்னாராம்.

இந்த வருடப் பெரிய வெள்ளிக்கு, குரல் வந்துவிட்டதே, எனக்கும் ஒரு வாக்கு உண்டா என்று மேரி அக்காவிடம் கேட்டேன்.

"கடைசி வாக்கு தர்றேன். பத்தே நிமிஷம். மேல போனா மைக்கப் புடுங்கிருவேன், கஞ்சி ஆறிடும்."

நீங்களும் ஆண்டவரிடம் கேளுங்கள், பிரியமானவர்களே. கேட்டது கேட்டபடி வராவிட்டால் சோர்ந்து போகாதீர்கள். ஆராதனை முடிந்ததும் பக்கத்து இருக்கையில் பேசாமல் உட்கார்ந்திருப்பவரிடம் இரண்டு வார்த்தை பேசிப் பாருங்கள். நேரம் கிடைத்தால் ரெம்பியா பக்கம் வாருங்கள். அன்று வைத்த அந்தக் குவளை இன்னும் சிலுவைக்கு அடியில்தான் இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் யாராவது அதில் தண்ணீர் நிரப்பி வைக்கிறார்கள்.