பசி எடுக்காத ஏசுபாதம்

ஏசுபாதத்துக்குச் செங்கல்பட்டு ஜங்ஷனில் கேங்மேன் வேலை. தண்டவாளக் கட்டைகளுக்கு அடியில் சல்லியைக் குத்தி இறுக்க வேண்டும். பரனூர்ப் பக்கம் போனாலும் ஒத்திவாக்கம் பக்கம் போனாலும் மடியில் ஒரு பொட்டலம் சோடா உப்பு இருக்கும். வெறும் வயிற்றில் வலி கிளம்பும். இரண்டு வாய் சோறு போனால் அடங்கும். மேஸ்திரி திட்டிய நாளில் சோற்றுக்கும் அடங்காது. எதிர்த்துப் பேசத் தெரியாத மனிதர். அவர் மனைவி பொன்னி, அவர் கை வயிற்றுக்குப் போகிறதா என்று பார்த்துத்தான் வீட்டுச் சேதி எதையும் சொல்லத் தொடங்குவாள்.

1955 மழைக்காலத்தில் காப்பித்தூள் கரைத்தாற்போல் கறுப்பாக வாந்தி எடுத்தார். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சர்ஜன் நிதானமாக விளக்கினார். மூளையிலிருந்து ஒரு நரம்பு கழுத்து வழியாக இறங்கி, நெஞ்சைக் கடந்து வயிற்றுக்கு வருகிறது. கவலையும் பயமும் அதன் வழியாக வந்து அமிலத்தைச் சுரக்க வைக்கின்றன. வயிற்றுக்குப் போகும் இடத்தில் அதை வெட்டிவிட்டால் வயிற்றுப் புண் ஆறிவிடும் என்றார். அதற்குப் பிறகு வயிறு மந்தப்படும், பசி முன்போல எடுக்காமல் போகலாம், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி சாப்பிட வேண்டும் என்பதையும் மறைக்கவில்லை. வலி போனால் போதும் என்று ஏசுபாதம் கும்பிட்டார்.

வலி போயிற்று. சோடா உப்பை மறந்தார், தூங்கினார், மேஸ்திரியின் ஏச்சு காதோடு நின்றது. ஆனால் பசி திரும்பவில்லை. தின்றது கல்லாக நிற்கும், இல்லையென்றால் தண்ணீராகப் போய்விடும். கருவாட்டுக் குழம்பின் வாசம் மூக்குக்குத் தெரிந்தது, வயிற்றுக்குத் தெரியவில்லை. பொன்னி கூப்பிட்டால் வந்து உட்காருவார், போதும் என்று அவள் சொல்லும்வரை சாப்பிடுவார்.

ஒரே மகள் பாப்பாவைக் கடப்பாக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவத்தில் அவளும் போனாள், குழந்தையும் போயிற்று. கல்லறையில் பொன்னி தன் வயிற்றில் அடித்துக்கொண்டு, பெத்த வயிறு பற்றி எரிகிறதே என்று அரற்றினாள். ஏசுபாதம் வயிற்றில் கை வைத்தபடி நின்றார். வாழ்நாளெல்லாம் துக்கம் அங்கேதான் வந்து அவரைப் பிடித்திருக்கிறது. அது வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. கண்ணும் நனையவில்லை. அவருக்குத் தன்னைக் கண்டே பயமாக இருந்தது.

வீடு திரும்பியதும் பொன்னி கேட்டாள்.

"ஒனக்கு ஒண்ணுமே பண்ணலியா?"

"வவுறு சும்மா கீது பொன்னி. நானும் பாத்துகினேதான் இருந்தேன்."

அதற்குப் பிறகு அவள் அவரிடம் பேசவில்லை. ஆக்கி மூடி வைப்பாள், கூப்பிட மாட்டாள். காலையில் பானை அப்படியே இருந்தால், வீறாப்பில் கிடக்கிறார் என்று நினைத்து எருமைக்குக் கொட்டுவாள். அவருக்குச் சாப்பிடும் நினைப்பே வரவில்லை.

ஒரு பகலில் தண்டவாளத்தின் மேலேயே சுருண்டு விழுந்தார். கூட வேலை செய்த முனிசாமி இழுத்துப்போட்டு, பாசஞ்சர் வண்டி போன பிறகு வீட்டுக்குத் தூக்கிவந்தான். கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று கேட்டால் அவருக்கே தெரியவில்லை. பொன்னி பானையைப் பார்த்தாள்.

"பட்டினி கெடக்கறது அவருக்கே தெரியாது, அக்கா. நரம்பத்தான் அறுத்துட்டாங்களே," என்றான் முனிசாமி.

அவன் போன பிறகு அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கேட்டாள்: "பாப்பா நெனப்பு வந்தா ஒனக்கு எங்க வலிக்குது?"

அவர் யோசித்தார். பிறகு தொண்டைக்குழியில் விரலை வைத்தார்.

"இங்க. முழுங்க முடியல."

அவள் எழுந்துபோய்க் கஞ்சியை நீராகக் கரைத்துக்கொண்டு வந்தாள்.

உடம்பு தேறவேயில்லை. அடுத்த கோடையில் அவரை ஒரு லெவல் கிராசிங் கேட்டுக்கு மாற்றினார்கள். வேகாத வெயிலிலும் பொன்னி தூக்குச்சட்டியோடு அங்கே போவாள். கடப்பாக்கத்துப் பேச்சை இருவரும் எடுப்பதில்லை. சில நாள் அவர் இரண்டு வாயோடு நிறுத்தி, கழுத்தைத் தடவிக்கொண்டு தண்டவாளத்தைப் பார்ப்பார். அவசரப்படுத்தாமல் அவள் கிண்ணத்தைப் பிடித்தபடியே இருப்பாள்.