வேலையில் இருப்பவளைக் கூப்பிடக் கூடாது

என் மனைவி எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பள்ளிக்கூடம் நடத்தினாள். மாணவி ஒருத்திதான், எங்கள் மகள். அப்போது அவளுக்கு மூன்று வயது முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. எனக்கு அம்மாப்பேட்டையில் உரக்கடை. யூரியா மூட்டைக்கும் விதைநெல்லுக்கும் நடுவே பொழுதைக் கழிக்கிறவன் நான். மாண்டிசோரி என்ற பெயரையே கல்யாணத்துக்குப் பிறகுதான் கேள்விப்பட்டேன். ஏதோ பூச்சிமருந்துக் கம்பெனி என்று நினைத்து, எங்கள் கடைக்கு ஏஜென்சி கிடைக்குமா என்று கேட்டுவிட்டேன். சொந்தக்காரர்கள் கூடினால் அதைச் சொல்லித்தான் அவள் என் மானத்தை வாங்குவாள்.

அவள் சென்னையில் ஒரு மழலையர் பள்ளியில் வேலை பார்த்தவள், பிள்ளைகள் தாங்களே கையால் செய்து கற்கிற அந்த முறைக்கென்றே தனியாகப் படித்தவள். எங்கள் பக்கத்து எல்.கே.ஜி. வகுப்புகளில் பிள்ளைகளைப் பிரம்பால் அடிக்காவிட்டாலும் குரலால் அடிக்கிறார்கள் என்று அவளுக்குக் கோபம். அதனால் டி.வி. ஸ்டாண்டு மாடிக்குப் போயிற்று. அந்த இடத்தில் முழங்கால் உயர அலமாரி ஒன்று வந்தது. தட்டுக்குத் தட்டு ஒரு வேலை. இரண்டு சின்னச் செம்புகள், ஒன்றில் நெல், சிந்தாமல் மற்றதில் கொட்ட வேண்டும். உளுந்தும் துவரையும் மொச்சையும் கலந்த கிண்ணம், பிரித்து வைக்க வேண்டும். என் பழைய சட்டையின் முன்பக்கத்தை வெட்டி மரச்சட்டத்தில் அடித்து வைத்திருந்தாள், பட்டன் போட்டுப் பழக. நல்ல சட்டை அது. கேட்டால், "பொண்ணை விடச் சட்டை பெருசா?" என்பாள். இதையெல்லாம் விளையாட்டு என்று சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. பிள்ளைக்கு அது வேலை.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு சட்டங்கள். ஒன்று, செய்து காட்டும்போது பேசக் கூடாது. "நான் பேசினா அவ என் வாயைப் பாப்பாளா, கையைப் பாப்பாளா?" என்பாள். நெல்லைக் கொட்டிக் காட்டுவதென்றால் வாய் திறக்காமல், மெதுவாக, ஒவ்வொரு விரலும் எங்கே போகிறது என்று தெரியும்படி காட்டுவாள். இரண்டாவது, பிள்ளை வேலையில் இருக்கும்போது யாரும் கூப்பிடக் கூடாது. 'சபாஷ்' என்றுகூடச் சொல்லக் கூடாது. கவனம் கலைந்துவிடுமாம். நான் மதியம் சாப்பிட வரும்போது பூனை மாதிரி வந்து, பூனை மாதிரி சாப்பிட்டுவிட்டுப் போவேன்.

மகள் அசத்தினாள். ஒருமுறை காட்டினால் போதும், தாயின் சுண்டுவிரல் வளைவுகூட அப்படியே அவள் கையில் வந்துவிடும். உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். மிக்ஸி ஓடும், குக்கர் விசிலடிக்கும், தலை நிமிராது. தீபாவளியன்று எதிர்வீட்டுக்காரர்கள் சரவெடி வைத்தபோது தெருப் பிள்ளைகள் எல்லாம் காதைப் பொத்திக்கொண்டு ஓடின. எங்கள் மகள் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மணி கோத்துக்கொண்டிருந்தாள். "என்னா தைரியம் பாருங்க" என்றார் எதிர்வீட்டுக்காரர். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. என் மனைவி அதை வீடியோ எடுத்துத் தன் பழைய பள்ளித் தோழிகளுக்கு அனுப்பினாள்.

பேச்சுதான் வரவில்லை. 'மா' என்பாள், 'ப்பா' என்பாள், முகத்தைப் பார்த்துக்கொண்டு. கை முதலில் பேசும், வாய் பிறகு பேசும் என்று என் மனைவி நம்பினாள். நானும் நான்கு வயதில்தான் பேசினேனாம். அதைச் சொல்லி, "இப்ப நிறுத்த ஆள் இல்லையே" என்று சிரித்துக்கொள்வோம்.

பேராவூரணியில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா அந்தச் சமயத்தில் ஒரு மூட்டைத் தேங்காயோடு வந்தாள். அவள் குரலைக் கேட்டால் தென்னையில் ஏறினவன் இறங்கி வந்துவிடுவான். வாசலிலிருந்தே, "அத்தை வந்துருக்கேன், எங்கடி என் தங்கம்?" என்றாள். தங்கம் திரும்பவில்லை. உளுந்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கூப்பிடாதீங்க அண்ணி. வேலையில இருக்கா" என்றாள் என் மனைவி.

"என்னா வேலை, கலெக்டர் வேலையா? அத்தை வந்தா திரும்பிப் பாக்காத அளவுக்கு?"

"அதாங்க அண்ணி கவனம். பெரியவங்களுக்கே வராது."

அக்கா போய்த் தோளைத் தொட்டாள். அவ்வளவுதான், பிள்ளை துள்ளி எழுந்து கழுத்தைக் கட்டிக்கொண்டது. அக்காவின் கோபம் அங்கேயே கரைந்துபோயிற்று. புறப்படும்போது மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நாக்குல வசம்பை உரசித் தடவுடா, பேச்சு வரும்" என்றாள். எல்லாருக்கும் பிள்ளையின் நாக்கைப் பற்றித்தான் கவலை. காதைப் பற்றி எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பொங்கல் கழிந்து, சத்த டப்பாக்கள் வந்தன. ஒரே மாதிரி டப்பாக்கள், உள்ளே வேறு வேறு பொருள். குலுக்கிக் கேட்டு, ஒரே சத்தம் வரும் இரண்டை ஜோடி சேர்க்க வேண்டும். கடையிலிருந்து விதை சாம்பிள் டப்பாக்களைக் கொண்டுவந்து கொடுத்தேன். "விஷக்கடைச் சாமான் வீட்டுக்குள்ள வேண்டாம்" என்று என் மனைவி திருப்பிவிட்டாள். தஞ்சாவூர் கீழவாசலுக்குப் போய்க் குங்கும டப்பாக்கள் வாங்கிவந்து நெல், உளுந்து, ஆற்றுமணல், உமி என்று ஜோடி ஜோடியாக நிரப்பி மூடினாள்.

முதல் நாள் நான் காப்பி டம்ளரோடு தள்ளி உட்கார்ந்து பார்த்தேன். தாய் ஒரு டப்பாவைக் காதருகே வைத்துக் குலுக்கினாள், கண்ணை மூடிக் கேட்டாள், பிறகு அடுத்ததை எடுத்தாள். மகளும் அப்படியே காதருகே வைத்தாள், குலுக்கினாள், கண்ணை மூடினாள். எல்லா ஜோடியையும் சரியாகச் சேர்த்தும் விட்டாள். என் மனைவி பாராட்டக் கூடாது என்பதற்காக உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது.

நான் நாள் முழுக்க விதை நிறுக்கிறவன். எனக்கு வேறொன்று தெரிந்தது. குலுக்குவதும் கண் மூடுவதும் அம்மா செய்ததால் அவளும் செய்தது. அதன் பிறகு டப்பாவை உள்ளங்கையில் வைத்து லேசாக இறக்கிப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் ஜோடி.

"கனத்தை வச்சுல்ல கண்டுபிடிக்கிறா" என்றேன்.

என் மனைவி டப்பாவைத் தன் கையில் வாங்கிப் பார்த்தாள். "அப்ப தப்பு பொருள்லதான். பிள்ளை சரியாத்தான் செய்யுது. எல்லாத்தையும் ஒரே எடை ஆக்கிருவோம்."

மறுநாள் மாலை டப்பாக்கள் என் கடைத் தராசில் ஏறின. உமியை எடுத்துவிட்டு ரவை போட்டாள். கூட்டியும் குறைத்தும் எல்லாவற்றையும் ஒரே எடைக்குக் கொண்டுவந்தாள். கடைக்கு வந்த விவசாயி ஒருவர், "என்ன தம்பி, புதுசா குங்கும வியாபாரமா?" என்று கேட்டார். நாங்கள் இருவரும் சிரித்தோம். நாங்கள் அப்படிச் சேர்ந்து சிரித்து ரொம்ப நாளாகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை மகள் பாயில் உட்கார்ந்தாள். ஒரு டப்பாவை எடுத்துக் காதருகே குலுக்கிக் கண்ணை மூடினாள். உள்ளங்கையில் வைத்தாள். இன்னொன்றையும் வைத்தாள், பிறகு இன்னொன்றை. எல்லாம் ஒன்றாக இருந்தன. திரும்பவும் முதலிலிருந்து செய்தாள். பிறகு ஒன்றை எடுத்து இன்னொன்றின் பக்கத்தில் கொண்டுபோய், வைக்காமல், தாயின் முகத்தைப் பார்த்தாள். கையை அடுத்த டப்பாவுக்கு நகர்த்திவிட்டு மறுபடி முகத்தைப் பார்த்தாள். புருவம் ஏதாவது சொல்கிறதா, உதடு ஏதாவது சொல்கிறதா என்று தேடினாள். என் மனைவியோ முகத்தில் எதையும் காட்டாமலிருக்கப் படித்தவள்.

பிள்ளை டப்பாக்களை விட்டுவிட்டது. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது.

என் மனைவி எழுந்து பின்பக்கமாக வந்து நின்று மகளின் பெயரைச் சொன்னாள். முதலில் மெல்ல, பிறகு சாதாரணமாக, பிறகு நான் கேட்டிராத குரலில் கத்தினாள். கை தட்டினாள். மகள் முன்னால் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

"வேலையில இருக்கா" என்றேன் நான். பழக்கத்தில் வந்துவிட்டது.

"கையில ஒண்ணும் இல்லைங்க" என்றாள்.

தஞ்சாவூரில் காது கேட்பதைச் சோதிக்கிற இடத்தில், பிள்ளைக்குத் தூக்கமருந்து கொடுத்துப் படுக்கவைத்துத் தலையில் ஒயர்களை ஒட்டினார்கள். கம்ப்யூட்டர் திரையில் கோடுகள் ஓடின. எங்கே அலை எழும்ப வேண்டுமோ அங்கே எழும்பவில்லை என்று பரிசோதித்த பெண் காட்டினார். இரண்டு காதும்தான், அநேகமாகப் பிறந்ததிலிருந்தே. ஆபரேஷன் செய்து கருவி பொருத்தலாம், பிறகு வருஷக்கணக்கில் பயிற்சி தர வேண்டும். சீக்கிரமே வந்திருந்தால் நல்லது. எவ்வளவு பேச்சு வரும் என்று இப்போது சொல்ல முடியாது. எல்லாம் சொல்லிவிட்டு, கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லாமல்தான், அவர் கேட்டார்: "இவ்வளவு நாளா நீங்க கவனிக்கவே இல்லையாம்மா?"

எனக்கு அந்த மேஜையைப் புரட்டிப் போடலாம் போலிருந்தது. எங்கள் வீட்டில் நடந்ததெல்லாம் அது ஒன்றுதானே! பிள்ளையின் விரலை, கண்ணை, மூச்சை எங்களைப் போல் கவனித்தவர்கள் இந்த ஜில்லாவில் யார்?

என் மனைவி கோபப்படவில்லை. "எங்க வீட்டுல நாங்க சத்தமே போட மாட்டோங்க" என்றாள், ஏதோ மன்னிப்புக் கேட்பது போல.

காரில் திரும்பும்போது அவள் பின்சீட்டில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். மருந்து மயக்கம் இன்னும் தெளியவில்லை. நல்ல வெயில். இருபக்கமும் தாளடி நெல் அறுப்புக்கு நின்றது. சாலியமங்கலம் தாண்டியதும் பிள்ளை சிணுங்கியது. அவள் தன்னையறியாமல், தினமும் தூங்கவைக்கப் பாடுகிற தாலாட்டை ஆரம்பித்தாள். இரண்டு வரி பாடியிருப்பாள், நிறுத்திவிட்டாள்.

"பிறந்ததுலேந்து பாடுறேங்க" என்றாள். "ஒரு நாள் விடாம பாடுறேன். அப்ப யாருக்குங்க பாடினேன்?"

கண்ணாடியில் பார்த்தேன். பிள்ளை கண் திறக்காமலே கையைத் தூக்கித் தாயின் கழுத்தைத் தடவியது. தாலிக்கொடியைப் பிடித்துக்கொண்டு தூங்குகிற பழக்கம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தோம். அந்தக் கை கொடியைத் தாண்டிப்போய்த் தொண்டைக்குழியின்மேல், பாட்டு அதிர்கிற இடத்தில், உள்ளங்கையை விரித்து வைத்தது. கொஞ்சம் காத்திருந்தது. பிறகு லேசாகத் தட்டியது. மறுபடியும் தட்டியது.

"பாடு" என்றேன். "கேக்குறாள்ல, பாடு."

அவள் வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. பிள்ளை கையை எடுக்காமல், வீடு வந்து சேரும்வரை தட்டிக்கொண்டே இருந்தது.